பாட்டில் அக்கா வாங்கிய பூஜ்யம்

உயிரியல் துறையின் ஆய்வகத்தில் இருநூற்றுப் பதினான்கு பாட்டில்கள் இருந்தன. பாம்பு, பல்லி, நட்சத்திர மீன், இரட்டைத் தலையோடு பிறந்து அன்றே இறந்த கன்றுக்குட்டி என்று அத்தனையும் ஸ்பிரிட்டில் மிதந்தபடி மாணவர்களை முறைத்துக்கொண்டிருக்கும். அவற்றைக் கழுவி, ஸ்பிரிட் மாற்றி, மூடியைச் சுற்றி மெழுகு பூசி, சீட்டு ஒட்டி, தேர்வு நாளில் மேசைமேல் வரிசையாக வைத்து, முடிந்ததும் எண்ணிப் பார்த்து அலமாரியில் பூட்டுகிற பெண்ணுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலருக்கே தெரியாது. பாட்டில் அக்கா என்றால் கல்லூரிப் பூனைக்குக்கூடத் தெரியும்.

வயது நாற்பத்தேழு. நெட்டையான உடம்பு, மூக்குக்கு மேல் கோபம். ஆனால் அந்தக் கோபத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கண்ணாடிக் குழாயை உடைத்தவனை அவள் திட்டமாட்டாள். உடைத்துவிட்டு "நான் இல்லக்கா" என்பவனைச் சும்மா விடமாட்டாள். ஒருமுறை துறைத் தலைவரே ஓர் அளவுக் குவளையை உடைத்துச் சத்தமில்லாமல் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை அந்தத் துண்டுகள் ஒரு தட்டில் அவர் மேசைமேல் இருந்தன. பக்கத்தில் உடைசல் பதிவேடு, திறந்த பக்கத்தில் மூடி கழற்றிய பேனா. அவர் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அவளைக் கண்டால் கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பார்.

அவள் அங்கே தற்காலிக ஊழியர். தற்காலிகம் என்ற சொல்லுக்குப் பத்தொன்பது வருடம் என்று ஓர் அர்த்தம் இருப்பதை அகராதி எழுதுகிறவர்கள் இன்னும் சேர்க்கவில்லை. நிரந்தர வேலைக்கு ஓர் இடம் காலியானது. அதற்கு ஆய்வகத் தொழில்நுட்பச் சான்றிதழ் வேண்டும், நாற்பத்தெட்டு வயது முடியாமல் இருக்க வேண்டும் என்றார்கள். இரண்டு வருடம் மாலை வகுப்பில், தான் பாட்டில் கழுவிய அதே அறையில், தன்னை அக்கா என்று கூப்பிடுகிற பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து அவள் படித்தாள். இந்த வருடத் தேர்வு தவறினால் அடுத்த வருடம் வயது இருக்காது. எனவே இருந்தது ஒரே ஒரு தேர்வு.

அவளுக்குப் பட்டியல்கள் பிடிக்காது. அதற்குக் காரணம் பழையது. அவள் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னதும் அவள் பெரியம்மா விரல்விட்டு எண்ணினாள். அவன் குட்டை, நீ நெட்டை. அவன் ஊமைக்கோட்டான், நீ வாயாடி. அவன் உறைப்புத் தொடமாட்டான், உனக்கு மிளகாய் இல்லாமல் இறங்காது. பத்து விரலும் முடிந்த பிறகு பெரியம்மா, "உங்க ரெண்டு பேருக்கும் ஒரு பொருத்தமாவது சொல்லு பாக்கலாம்" என்றாள். "எனக்கு அவர் வேணும், அவருக்கு நான் வேணும். இத எந்த விரல்ல எண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் போய் மாலை வாங்கினாள். பெரியம்மா கல்யாணத்துக்கு வந்தாள், சாப்பிடாமல் போனாள்.

ஆய்வகத்தில் நாற்பது மைக்ராஸ்கோப்புகள் இருந்தன. லென்ஸைத் துடைத்தால் மட்டும் போதாது. துடைத்தது சரியா என்று எதையாவது வைத்துப் பார்க்க வேண்டும். மற்றவர்களாக இருந்தால் ஒரு வெங்காயத் தோலை வைத்து நாற்பதையும் பார்த்து முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அக்காவுக்கு அது அலுப்பு. நாற்பதுக்கும் நாற்பது பொருள் தேடுவாள். ஈயின் இறகு, ஜன்னல் தூசி, தன் தலைமுடி, கணவர் சட்டையில் ஒட்டியிருந்த கிரீஸ், மாடிப்படியில் கிடந்த பட்டாம்பூச்சிச் செதில். பத்தொன்பது வருடத்தில் அவள் பார்த்ததைத் துறையில் வேறு யாரும் பார்த்திருக்க முடியாது. பேராசிரியர்கள் புத்தகத்தைப் பார்ப்பார்கள், அவள் பொருளைப் பார்ப்பாள்.

நூற்றேழாம் எண் பாட்டிலில் ஒரு வௌவால் இருந்தது. ஏழு வருடத்துக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் ஸ்பிரிட் மாற்றுவதற்காக அதை வெளியே எடுத்துத் தட்டில் கிடத்தியபோது வாய் திறந்து நாக்கு வெளியே சரிந்தது. முகத்தின் நீளத்தைவிட நீண்ட நாக்கு. நுனி மட்டும் சிறிய பிரஷ் போல இருந்தது. சீட்டில் 'பழந்தின்னி' என்று எழுதியிருந்தது. பழம் கடிக்கிறவனுக்கு எதற்கு இவ்வளவு நாக்கு என்று அவள் யோசித்தாள். கழுத்து மயிரின் அடியில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. பெயிண்ட் பிரஷால் கொஞ்சம் வருடி எடுத்து, அன்று துடைத்த பதினெட்டாவது மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். சின்னச் சின்ன உருண்டைகள் ஒட்டிச் சேர்ந்து ஒரு பெரிய உருண்டை. அதேபோல் இன்னொன்று, இன்னொன்று.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. மத்தியானம் சோற்றை வாயில் வைக்கும்போது ஞாபகம் வந்தது. சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பெரிய மரம் நிற்கிறது. அவரைக் குடும்பத்து மரம். நீள நீளமான காய் கொத்தாகத் தொங்கும். பூவோ முழ நீளக் காம்பின் நுனியில் பந்து மாதிரி இலைகளுக்குக் கீழே ஊசலாடும். அதனால் அதற்குக் கல்லூரியில் பந்து மரம் என்று பெயர். காலையில் கீழே உதிர்ந்து கிடக்கும் பந்துகளில் ஒன்றை முந்தின வருடம் எடுத்து வந்து தூளைப் பார்த்திருந்தாள். அதே உருண்டைதான். சோற்றுத் தட்டை மூடிவைத்துவிட்டு ஓடிப்போய் ஒரு பந்தை எடுத்து வந்து, இரண்டு ஸ்லைடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அச்சு அசல்.

அவளுடைய பஸ் மாலை ஆறே முக்காலுக்கு. ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு அரைமணி நேரம் கொட்டகை அருகில்தான் நிற்பாள். அந்த மத்தியானத்துக்குப் பிறகு சும்மா நிற்காமல் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். வெளிச்சம் மங்கும் நேரத்தில் பந்துகள் விரியும். புளித்த பால்போல ஒரு வாடை வரும். வௌவால் வந்து பந்தைக் கட்டிப் பிடிக்கும், காம்பை ஒட்டித் தேங்கியிருக்கும் தேனில் முகத்தை வைக்கும், இரண்டு நொடியில் போய்விடும். மார்பெல்லாம் மஞ்சளாக அடுத்த பந்துக்குப் போகும். கடித்ததை அவள் ஒருநாளும் பார்க்கவில்லை. தோட்டக்காரர் மட்டும் காலையில் உதிர்ந்ததைக் கூட்டும்போது "வௌவாலு கடிச்சுப் போட்டிருக்கு பாரு" என்று திட்டுவார். அவள் ஒவ்வொரு பந்தாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஒரு பல் தடம்கூட இருக்காது.

தோட்டக்காரர் பேச்சைக் கேட்டுத் துறைத் தலைவர் ஒரு வருடம் பூவைக் காப்பாற்றுவதற்காகக் கீழ்க்கிளைகளுக்கெல்லாம் வலை போட்டார். வலைக்குள்ளிருந்த கிளைகளில் அந்த வருடம் ஒரு காய் இல்லை. வலை எட்டாத உச்சியில் மட்டும் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. காப்பாற்றியது காய்க்கவில்லை, கைவிட்டது காய்த்தது. இதைப் பார்த்த துறைத் தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? வௌவால் வலைக்குள்ளும் புகுந்துவிட்டது என்றார்! படித்தவர்களுக்கு இப்படிச் சில வசதிகள் உண்டு.

செய்முறைத் தேர்வில் பல வருடங்களாக ஒரு கேள்வி வந்துகொண்டிருந்தது. 'உங்கள் முன் உள்ள அ, ஆ இரண்டையும் ஒப்பிடுக. பத்து மதிப்பெண்.' அ என்பது நூற்றேழாம் பாட்டில். ஆ என்பது அட்டையில் தைத்த பந்து மரத்தின் காய்ந்த கிளை. எதிர்பார்க்கும் விடை ஒரு பட்டியல்: நடுவில் ஒரு கோடு, இந்தப் பக்கம் அ, அந்தப் பக்கம் ஆ. அதற்கு முதுகெலும்பு உண்டு, இதற்கு இல்லை. அது இடம்பெயரும், இது பெயராது. அது உணவைத் தேடும், இது தானே தயாரிக்கும். இப்படிப் பத்து. ஆறாவது வரி, 'அ பூக்களைக் கடித்து அழிக்கும். ஆ அதனால் பாதிக்கப்படும்' என்றது. கடைசியில், 'ஒற்றுமை: குறிப்பிடத்தக்கதாக இல்லை.' துறைத் தலைவர் இளம் விரிவுரையாளராக இருந்தபோது எழுதிய விடைக்குறிப்பு அது. அதை வருடா வருடம் நகலெடுத்து மாணவர்களுக்குக் கொடுத்தவள் அக்காதான். தலைகீழாக நிற்கவைத்துக் கேட்டாலும் பத்தையும் ஒப்பிப்பாள்.

தேர்வு அன்று அவள் தேர்வு எழுதுகிறவள் என்பதால் வேறு துறை ஊழியர் ஒருவர் பொருள்களை எடுத்து வைத்தார். நூற்றேழை வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி வைத்திருந்தார். அதைத் திருப்பி வைக்கக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டாள். தாளில் நடுக்கோடு போட்டாள். ஐந்து வரி மளமளவென்று எழுதினாள், ஐந்தும் உண்மை. ஆறாவதுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

எழுதினால் என்ன? ஒரு வரி. யாருக்கும் நஷ்டம் இல்லை. மரம் வந்து கேட்கப் போவதில்லை, வௌவாலும் செத்து எத்தனையோ வருடமாயிற்று. அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் உடைக்காத குவளையை உடைத்தாய் என்று ஒருவன்மேல் எழுதி, அதன் கீழே தன் கையெழுத்தைப் போடுவது போல் இருந்தது. அவளால் முடியவில்லை. நடுக்கோட்டையும் ஐந்து வரியையும் குறுக்காக அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்:

'இந்த வௌவால் பழந்தின்னி அல்ல. இதன் நாக்கைப் பார்க்கவும். இது தேன் குடிப்பது. இந்த மரத்தின் பூ பொழுது சாயும்போது விரிகிறது, இதுவும் அப்போதுதான் விழிக்கிறது. பூ இலைக்குள் ஒளியாமல் நீளக் காம்பில் வெளியே தொங்குகிறது, இது இறக்கை தட்டாமல் வந்து பிடிக்க வசதியாக இருக்கிறது. மரத்துக்கு நடக்க முடியாது. அதன் தூளை அடுத்த மரத்துக்கு இது சுமக்கிறது. வௌவாலுக்குத் தேன் செய்யத் தெரியாது. அதை மரம் செய்து வைக்கிறது. ஒன்றில் இல்லாததை எழுதி மற்றதில் இருப்பதை எழுதினால் பத்து வேறுபாடு வரும். ஆனால் ஒன்றில் இல்லாதது எங்கே இருக்கிறது என்று கேட்டால் மற்றதில் இருக்கிறது. வலை போட்ட கிளையில் காய் இல்லாததை நான் கண்ணால் பார்த்தேன். ஆகவே இவற்றின் முக்கியமான ஒற்றுமை, இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பாதி.'

முடிவு வந்தது. நூற்றுக்கு நாற்பத்தாறு. தேர்ச்சிக்கு ஐம்பது. அந்தக் கேள்விக்குப் பூஜ்யம். சும்மா பூஜ்யம்கூட இல்லை. விடைமேல் பெரிதாகச் சுழித்து, 'கேட்டதற்கு விடை இல்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

அவள் மறுபரிசீலனைக்கு மனு போட்டாள். மூன்றாம் நாள் துறைத் தலைவர் அவளைக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரச் சொன்னார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

"எதுக்கு இந்த மனுவெல்லாம்? நாலு மார்க்தானே. கருணை மதிப்பெண் நாலு போட நான் சொல்றேன். நீங்க பாஸ். வேலையும் உங்களுக்குத்தான்" என்றார். ஒரு தாளை நகர்த்தினார். "மனுவ வாபஸ் வாங்கிக்கறேன், என் விடை தவறுன்னு ஒத்துக்கறேன்னு ரெண்டு வரி. ஒரு கையெழுத்து."

"என் விடைல எது தப்பு சார்?"

"ஒப்பிடச் சொன்னா ஒப்பிடணும். நீங்க கதை எழுதியிருக்கீங்க. மரமும் வௌவாலும் ஒண்ணாம்மா?"

"ஒண்ணுன்னு நான் எழுதலியே சார். அது இல்லாம இதுக்குக் காய் இல்ல, இது இல்லாம அதுக்குச் சோறு இல்லன்னு எழுதினேன்."

"அதெல்லாம் விடைக்குறிப்புல இல்ல."

"மரத்துல இருக்கு சார்" என்றாள் அக்கா. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

கருணை மதிப்பெண் வாங்கியவர்களின் சான்றிதழில் மதிப்பெண் பக்கத்தில் ஒரு சிறிய நட்சத்திரம் போடுவார்கள். கீழே பொடி எழுத்தில் அதற்கு விளக்கமும் இருக்கும். அன்று மாலை வீட்டில் அந்த நட்சத்திரம்தான் பேச்சு. அவள் கத்தரிக்காயை நறுக்குகிறாளா பழிவாங்குகிறாளா என்று தெரியாத வேகத்தில் நறுக்கிக்கொண்டிருந்தாள். கணவர் சமையலறை வாசலில் நின்றார். மாதத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிற மனிதர் அன்று ஒரேயடியாகப் பேசினார்.

"நட்சத்திரமோ நிலாவோ, வாங்கிட்டு வந்துடு. தானமா குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்காதே."

"தானம் வேணாம்னுதானே சொல்றேன். நான் கேக்கறது என் மாடு."

"நான் இன்னும் எத்தனை வருஷம் லிஃப்ட் குழில இறங்க முடியும்? முட்டி போச்சு. உனக்கு அடுத்த மாசமே வேலை இல்லன்னு சொன்னாக்கூட கேக்க நாதி இல்ல. இதெல்லாம் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்புறம் என்ன, புடிச்ச முயலுக்கு மூணே காலா?"

கத்தி நின்றது. அவளுக்குப் பயம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று நாளாகப் பயந்துகொண்டுதான் இருந்தாள். அவர் சொன்ன ஒவ்வொன்றும் நியாயம். வேலை போனால் அவருடைய முட்டியின் மேல்தான் இரண்டு பேரும் உட்கார வேண்டும். அதை நினைத்தபோது கண்ணில் நீர் வந்தது. வெங்காயமாக இருந்தால் அதன்மேல் பழி போடலாம், இது கத்தரிக்காய்.

"இங்க பாருங்க," என்றாள். "என் விடை தப்புன்னு நான் எழுதிக் குடுத்தா, அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்தப் பசங்கள 'உடைச்சியா, உண்மையச் சொல்லு'ன்னு கேப்பேன்? உடைச்சத ஒத்துக்கலாம். உடைக்காதத எப்படிங்க ஒத்துக்கறது?"

அவர் உள்ளே வந்தார். பிறகு கத்தியை அவள் கையிலிருந்து வாங்கி மிச்சக் காயை நறுக்கினார். சம்மதம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. விரல் போய்விடக் கூடாது என்று அர்த்தம்.

மறுபரிசீலனைக் குழு கல்லூரியின் இரண்டாம் மாடிக் கூட்ட அறையில் கூடியது. ஒரு நீள மேசை, மூன்று பேர். நடுவில் தலைவியாக, ஓய்வு பெற்ற கணக்குப் பேராசிரியை. அவருக்கு உயிரியலும் தெரியாது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் தெரியாது. இடது பக்கம் துறைத் தலைவர். வலது பக்கம் அந்தப் பூஜ்யத்தைப் போட்ட வெளித் தேர்வாளர், ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் சிவப்புப் பேனா.

அக்கா கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒரு கையில் மைக்ராஸ்கோப். இன்னொரு கையில் ஒரு பை; அதில் துண்டு சுற்றிய நூற்றேழு, தட்டு, ஸ்லைடு, பிரஷ், இடுக்கி. அன்று காலை பொறுக்கிய பந்து ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாள்.

"ஆய்வகப் பொருள வெளிய கொண்டுவர யார் அனுமதி குடுத்தது?" என்றார் துறைத் தலைவர்.

"பதிவேட்டுல எழுதித்தான் எடுத்தேன் சார். எடுத்தவர் நான், குடுத்தவரும் நான். பத்தொன்பது வருஷமா அப்படித்தான்."

தலைவி அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "உங்க கோரிக்கை என்னம்மா? நாலு மார்க்தானே? அதத்தான் கருணையா குடுக்கறதா சார் சொல்றாரே" என்றார்.

"கருணைய நான் கேக்கல மேடம். நான் எழுதினது தப்புன்னா பூஜ்யத்த அப்படியே வையுங்க, எழுந்து போயிடறேன். சரின்னா மார்க்கக் குடுங்க. ரெண்டுல ஒண்ணு. நடுவுல நட்சத்திரம் வேணாம்."

"நீ எழுதினது சரின்னு எப்படித் தெரியும்?" என்றார் துறைத் தலைவர். மரியாதை 'நீங்க'வில் தொடங்கி 'நீ'யில் வந்து நின்றதை எல்லாரும் கவனித்தார்கள்.

"பாத்தா தெரியும் சார்."

அவள் யாரையும் கேட்கவில்லை. மேசையில் இருந்த பூச்சாடியை ஓரமாக நகர்த்திவிட்டு மைக்ராஸ்கோப்பை ஜன்னல் வெளிச்சத்துக்கு வைத்தாள். பாட்டிலின் மெழுகை நகத்தால் கீறித் திறந்தாள். ஸ்பிரிட் வாடை அறையை நிறைத்தது. துறைத் தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். உயிரியல் துறைத் தலைவர்! வௌவாலைத் தட்டில் கிடத்தி, இடுக்கியால் நாக்கை மெல்ல வெளியே இழுத்தாள். இழுக்க இழுக்க வந்தது. கணக்குப் பேராசிரியை நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டார்.

"பழம் கடிக்கறதுக்கு இவ்வளவு நாக்கு எதுக்கு?" என்று அவரே கேட்டார்.

"நானும் அதத்தான் மேடம் கேட்டேன்."

கழுத்து மயிரை ஈரப் பிரஷால் வருடி ஒரு ஸ்லைடு. பந்தைக் கைக்குட்டையிலிருந்து எடுத்துத் தட்டி இன்னொரு ஸ்லைடு. பத்தொன்பது வருடமாக ஆயிரம் முறை செய்த வேலை. குவியத்தைத் திருப்பிச் சரிசெய்துவிட்டு ஒதுங்கி நின்றாள். "பாருங்க சார்" என்று தேர்வாளரிடம் சொன்னாள்.

அவர் குனிந்து பார்த்தார். ஸ்லைடை மாற்றிப் பார்த்தார். மறுபடி முதல் ஸ்லைடை வைத்தார். துறைத் தலைவர் ஏதோ சொல்ல வந்தபோது ஒரு விரலைத் தூக்கிப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

"ஒரே மகரந்தம்தான்," என்றார் கடைசியில். "கொத்தா ஒட்டியிருக்கற உருண்டை. சந்தேகமே இல்ல."

"ஒரு பாட்டில் வௌவால வெச்சு எதையும் சொல்லிட முடியாது" என்றார் துறைத் தலைவர்.

"உண்மைதான் சார்," என்றாள் அக்கா. "அதுக்குத்தான் மரத்தடில ஏழு வருஷம் நின்னேன். நீங்க வலை போட்ட வருஷமும் நின்னேன். எந்தக் கிளையில எத்தனை காய்னு எழுதி வெச்சிருக்கேன், நோட்டு கொண்டுவரட்டுமா?"

அவர் பூச்சாடியை இன்னும் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினார்.

தேர்வாளர் உட்கார்ந்தார். முகம் களைத்திருந்தது. "இருபது வருஷமா இந்தக் கேள்விக்கு நான் மார்க் போடறேன்," என்றார். "ஒருத்தர்கூட இப்படி எழுதினதில்ல."

"தெரியாம எழுதலியா சார், பயந்து எழுதலியா?"

அவர் அவளுடைய விடைத்தாளைக் கேட்டு வாங்கினார். முதலிலிருந்து படித்தார். முதல் முறை படிக்கவே இல்லை என்பது அவர் படித்த விதத்திலேயே தெரிந்தது. நடுக்கோடு அடிபட்டிருப்பதைப் பார்த்ததும் பூஜ்யம் போட்டிருக்கிறார். அதை அவரும் அறிந்தார். சிவப்புப் பேனாவை எடுத்து, தன் சுழியை அடித்து, பக்கத்தில் ஆறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அட்டவணை போடாததுக்கு நாலு குறைச்சிருக்கேன்" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

நாற்பத்தாறும் ஆறும் ஐம்பத்திரண்டு. நட்சத்திரம் இல்லாத ஐம்பத்திரண்டு. அவள் அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். வௌவாலின் நாக்கைப் பதமாக உள்ளே தள்ளி, பாட்டிலில் இறக்கி, மூடியைத் திருகினாள்.

"திருப்திதானேம்மா?" என்றார் தலைவி அம்மா.

"மார்க்கு சரி மேடம். விடைக்குறிப்பு?"

"அது... துறை பாத்துக்கும். அடுத்த கூட்டத்துல."

"அடுத்த கூட்டம் எந்த வருஷம் மேடம்?"

துறைத் தலைவர் எழுந்து அவள் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "நீ பாஸ். வேலையும் கிடைச்ச மாதிரிதான். இதோட விட்டுடு. நீயும் நானும் இனிமே பல வருஷம் ஒரே ரூம்ல வேலை பாக்கணும்."

"ஆமா சார்," என்றாள் அவள். "பாக்கத்தான் போறோம்."

கீழே அலுவலக ஜன்னலில் குமாஸ்தா புதிய மதிப்பெண் சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார். அவள் அதை மடிக்காமல் பையில் வைத்துக்கொண்டு, விடைக்குறிப்பைத் திருத்தச் சொல்வதற்கு எந்தப் படிவம் என்று கேட்டாள். அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படி ஒண்ணு இருக்கு. ஆனா யாரும் கேட்டதில்லக்கா." அலமாரியின் அடித்தட்டில் துழாவி, ஓரம் பழுப்பேறிய ஒரு தாளை எடுத்து ஊதிக் கொடுத்தார். "அடுத்த வருஷத் தேர்வுக்குன்னா இன்னிக்குத்தான் கடைசி. அஞ்சு மணிக்கு ஜன்னல மூடிடுவேன்." சுவர்க் கடிகாரத்தில் ஐந்துக்கு ஏழு நிமிடம் இருந்தது.

கணவர் மத்தியானமே அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து வெளியே வராந்தாத் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். புரிந்ததும் அந்த ஊமைக்கோட்டான் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தது.

"பாஸா?"

"பாஸ்."

"நட்சத்திரம்?"

"இல்ல. குனிங்க."

"என்னது?"

"குனிங்கன்னா குனிங்க. மேசை கிடையாது இங்க, நேரமும் இல்ல."

வராந்தாவில் போகிற வருகிற பிள்ளைகளெல்லாம் பார்க்க, லிஃப்ட் மெக்கானிக் முட்டியில் கையை ஊன்றிக் குனிந்தார். அவள் அவர் முதுகில் படிவத்தை விரித்து எழுத ஆரம்பித்தாள். திருத்த வேண்டிய வரி: ஆறு. திருத்தக் காரணம் என்ற இடத்தில் இரண்டு விரல் அகலம்தான் விட்டிருந்தார்கள்; பொடி எழுத்தில் நெருக்கி நெருக்கி எழுதினாள். மாடிப்படியில் துறைத் தலைவர் இறங்கி வருவது தெரிந்தது. அவர் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும் என்று அவள் நிறுத்தாமல் எழுதினாள்.

"பாஸ் ஆயிட்டே. வேலையும் வந்துடும்," என்றார் கணவர் தரையைப் பார்த்தபடி. "இன்னும் என்னதான் எழுதறே?"

"பாஸ் ஆனது நான். தப்பு இன்னும் அப்படியே உக்காந்திருக்கு. அடுத்த வருஷம் எந்தப் புள்ளையாவது உண்மைய எழுதித் தொலைச்சா அதுக்கும் பூஜ்யம்தானே?" என்றாள் பாட்டில் அக்கா. "ஆடாதீங்க, எழுத்து கோணுது."